கோட்டைச் சுவரில் ஒரு காது

நாய் முதற்படியிலேயே நின்றுவிட்டது.

அது கோட்டைச் சாவியை வைத்திருக்கும் சாவிக்காரியின் நாய். வீதியிலிருந்து கோட்டை வாசல்வரை வாலை ஆட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடிவந்தது. இரும்புக் கிராதிக் கதவைத் திறந்ததும் எங்களை முந்திக்கொண்டு உள்ளேயும் போனது. ஆனால் சுவருக்குள்ளே சுழன்று ஏறும் கற்படியைக் கண்டதும் முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டது. சாவிக்காரி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அசையவில்லை, குரைக்கவும் இல்லை. மேலே இருந்த இருட்டையே பார்த்துக்கொண்டு நின்றது.

"அது ஒரு நாளும் மேலை ஏறாதாம்," என்று மாப்பிள்ளை நிரோஜன் தமிழில் சொன்னான். கிளாஸ்கோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை. சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் இரண்டு கையிலும் அலங்காரப் பெட்டிகள். எனக்குப் பின்னால், சேலைக் கரை நனையாமல் தூக்கிப் பிடித்தபடி மணப்பெண். நாய்க்குத் தெரிகிறது மனுசருக்குத் தெரியாது என்று எங்கள் ஆட்கள் சும்மாவா சொல்லிவைத்தார்கள்? 'பவானி, உனக்கேனடி இந்த வேலை' என்று என்னை நானே திட்டிக்கொண்டு ஏறினேன்.

மூன்றாம் தரம்

புதிதாக வாசிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பாரிஸின் லாசப்பலில் எனக்கு மணப்பெண் அலங்காரக் கடை இருக்கிறது. ஒரு பக்கம் மரக்கறிக் கடை, மறுபக்கம் கைத்தொலைபேசி திருத்துகிற கடை. நடுவில் நான். போன கிழமை, காணாமல் போன ஒரு தலைப்பட்டு நகையின் கதையை எழுதினேன். அதைப் படித்துவிட்டு அது தங்களுடையதுதான் என்று சண்டைக்கு வந்தவர்கள் தயவுசெய்து இனி வரவேண்டாம். அது கிடைத்துவிட்டது.

இந்தக் கிழமைக் கதையின் சொந்தக்காரர் அம்பலம் அண்ணை. பாரிஸ் புறநகர் ஸ்தேனில் குடியிருக்கிறார். ஓர் உணவகத்தின் குசினியில் காலமெல்லாம் நின்றே முழங்கால் இரண்டையும் தேய்த்த மனிதர். மனைவி புவனம் அக்கா. ஒரே பிள்ளை சாருஜா. பெயர்களை மாற்றியிருக்கிறேன். அண்ணையிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது பிள்ளை, ஆனா என்னை நல்லவனாக்கி எழுதாதை," என்றார்.

சாருஜாவின் கலியாணம் இரண்டு தரம் நின்றுபோனது. முதல் தரம் கொரோனா. மண்டபங்களையெல்லாம் பூட்டிவிட்டார்கள். இரண்டாம் தரம் மாப்பிள்ளையின் தகப்பன் திடீரெனக் காலமானார். வருசத் திவசம் முடியட்டும் என்று காத்திருந்தார்கள். இது மூன்றாம் தரம். இதுவும் நின்றால் எங்கள் சனம் என்ன கதைக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? "பெட்டைக்கு ராசியில்லை" என்று வாய் கூசாமல் சொல்லும். அக்காவுக்கு அந்தப் பயத்தில் நித்திரையே போய்விட்டது.

இப்போது கலியாணத்துக்கு முன் 'அவுட்டோர்' என்று ஒன்று வந்திருக்கிறதே, வெளியில் போய்ப் படம் எடுப்பது! பாரிஸுக்குப் பக்கத்தில் இல்லாத கோட்டைகளா? ஆனால் மாப்பிள்ளைக்குத் தன் நாட்டுக் கோட்டைதான் வேண்டுமாம். கலியாணத்துக்குச் சில நாட்கள் இருக்க, எல்லோருமாக ஸ்கொட்லாந்துக்குப் பறந்தோம்.

கூரையில்லாத வீடு

கோட்டை என்றதும் நான் அகழியும் கொத்தளமும் நினைத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் புல்வெளிக்கு நடுவில் ஒற்றையாக நிற்கிறது ஒரு கல்வீடு. நாங்கள் வீட்டை அகலத்தில் கட்டுவோம். அவர்கள் அறைக்கு மேல் அறையாக உயரத்தில் கட்டியிருக்கிறார்கள். கோபுரமும் அதுதான், குடியிருப்பும் அதுதான்.

சாவிக்காரி பக்கத்துப் பண்ணைக்காரி. முழங்கால்வரை சப்பாத்து, மழைச்சட்டை. அவள் சொல்லச் சொல்ல நிரோஜன் எங்களுக்குத் தமிழாக்கினான். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒருவர் மாட்டை ஒருவர் களவெடுப்பதுதான் தொழிலாம். அதனால்தான் வீட்டை இப்படிக் கட்டினார்களாம். வீட்டுக்கு ஒரே வாசல். அதற்கு நேர் மேலே, கீழே வருகிறவன் தலையில் கல்லைப் போட ஒரு துவாரம். கீழ்த்தளத்தில் மாடும் தானியமும் வைக்கக் கல்லால் வளைத்த அறை. அதன் முதுகில் மண்டபம். படி வலப்பக்கமாகச் சுழன்று ஏறுகிறது. கீழிருந்து வாளோடு வருகிறவனுக்கு வலக்கை நடுத்தூணில் இடிக்குமாம். வீடு கட்டும்போதே விருந்தாளியை வெட்டுவதற்கும் இடம் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள்!

மண்டபத்துக்கு மேலே எல்லாம் முன்பு மரத்தளம். கடைசியில் இருந்த தலைமுறை பள்ளத்தாக்கில் வசதியான வீடு கட்டிக்கொண்டு, கூரையையும் வளைமரங்களையும் கழற்றிப் போய்விட்டதாம். நிமிர்ந்து பார்த்தால் வானம்தான். நான்கு சுவர்களிலும் குளிர்காயும் கணப்புகள் மட்டும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அந்தரத்தில் நின்றன. தளமில்லாத உயரத்தில் ஒரு கதவு நிலை. அதற்குள் காகம் போன்ற சின்னக் கறுப்புப் பறவைகள் போவதும் வருவதுமாக இருந்தன.

நாங்களும் கூரையில்லாத வீடுகளைப் பார்த்த சனம்தான். அதனாலோ என்னவோ, அம்பலம் அண்ணை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

சேலை மாற்ற மறைவான இடம் வேண்டும் என்று கேட்டேன். சாவிக்காரி யோசித்தாள். மண்டபத்துக்கு மேலே, சுவரின் தடிப்புக்குள்ளேயே ஒரு சின்ன அறை இருக்கிறது, கல்லால் மூடியது, மழை விழாது என்றாள். பிறகு இன்னும் ஏதோ சொன்னாள். நிரோஜன் சிரித்தான்.

"என்னவாம்?"

"மாத்திப்போட்டுக் கெதியா இறங்கட்டாம் அன்ரி. அதுக்குள்ளை ஒருத்தரும் கனநேரம் இருக்கிறேல்லையாம்."

சுவர் அழுதது

அந்த அறையில் ஒரு கட்டில் போட முடியாது. கல்லில் வெட்டிய ஓர் இருக்கை. கைப்பிடியளவு வெளிச்சம் வரும் ஒரு பிளவு. மூலையில், காது உயரத்துக்கு, சுவருக்குள் இறங்கும் ஒரு கறுப்புத் துவாரம். அதிலிருந்து குளிர்காற்று விட்டு விட்டு வந்தது, உள்ளே யாரோ மூச்சு விடுவது மாதிரி. நான் அதன் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு சாருஜாவின் சேலைக்குக் கொய்யக மடிப்பு வைத்தேன். பிள்ளை குளிரில் நடுங்கிக்கொண்டு பிரெஞ்சில் முணுமுணுத்தபடி நின்றாள். முடிந்ததும் மாப்பிள்ளையோடு புல்வெளிக்குப் படமெடுக்க இறங்கிப்போனாள்.

நான் ஊசிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மூச்சிரைக்க ஏறிவந்த அம்பலம் அண்ணை, கையில் தேத்தண்ணிப் போத்தலோடு கல்லிருக்கையில் சாய்ந்தார்.

"முழங்கால் செத்துப்போச்சு பிள்ளை. இந்தா, குடி."

ஒரு மிடறு குடித்திருப்பேன்.

சுவர் மூக்கை உறிஞ்சியது.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவர் அழுதது. வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பெண் அழுகிற சத்தம். மேலேயிருந்தா கீழேயிருந்தா என்று தெரியவில்லை. என் காதுக்குள்ளேயே இருந்து அழுவது போலக் கிட்டத்தில் கேட்டது. எனக்குக் கையிலிருந்த மயிர் எல்லாம் எழும்பி நின்றது. முருகா முருகா என்று வாய் தானாகச் சொன்னது.

"ஆரோ அழுகினம்," என்றார் அண்ணை மெதுவாக.

பிறகு சுவர் தமிழில் பேசியது.

ஸ்கொட்லாந்துப் பேய்க்கு யாழ்ப்பாணத் தமிழ் எங்கே தெரியும் என்று நான் யோசிக்கக்கூட இல்லை. அவ்வளவு பயம்.

"ஐயோ பெரியத்தான்... எப்ப தம்பி? விடியப்புறமோ?"

அண்ணையின் கையிலிருந்த போத்தல் மூடி கீழே விழுந்து உருண்டது.

"அவருக்குச் சொல்லாதேங்கோ தம்பி. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறன். கலியாணம் முடியட்டும். அவர் கேட்டால் துடக்கு, எல்லாம் நிண்டுபோகும்... ஓம்... ஓம், இவரைப் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ. நீங்கள் பிரேதத்தை எடுங்கோ. நீங்கள்தானே மகன், கொள்ளியை வையுங்கோ. பாவம் வந்தால் என்ரை தலையிலை வரட்டும்."

பேயுமில்லை பிசாசுமில்லை. புவனம் அக்கா. நேர் கீழே மண்டபத்துச் சன்னல் குழிக்குள் நின்று தொலைபேசியில் கதைக்கிறா. சுவர் தடிப்பில் மற்ற இடமெங்கும் அலை எடுக்காது, அந்தச் சன்னலில் மட்டும்தான் எடுக்கும். ஊரில் இருந்த அம்பலம் அண்ணையின் தமையன் செத்துப்போனார். தமையனுடைய மகன்தான் எடுத்துச் சொல்லியிருக்கிறான்.

பேயாக இருந்திருக்கலாம் என்று அந்த நேரம் மனதார நினைத்தேன்.

ஈரத்துக்கு மேலே

எங்கள் ஆட்களின் துடக்கு வழக்கை இளம் பிள்ளைகளுக்காகச் சொல்லிவைக்கிறேன். தகப்பன் வழி உறவில் சாவு விழுந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் இல்லை, நல்ல காரியம் இல்லை. ஆனால் வெளிநாட்டுக்கு வந்த சனம் அதில் ஒரு வாசலைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. செய்தி காதில் விழுந்த பிறகுதான் துடக்கு. கேட்காதவனுக்கு இல்லை. கலியாண வீடுகளில் எத்தனை சாவுகளை இப்படி ஒளித்திருக்கிறோம் என்று எனக்குத் தெரியும். அலங்காரம் செய்கிறவளுக்குத் தெரியாத இரகசியம் எந்த வீட்டில் இருக்கிறது?

அக்காவின் திட்டமெல்லாம் அந்த ஒரே நூலில்தான் தொங்கியது. அவர் கேட்கக் கூடாது. பிரான்சில் கேட்காமல் இருந்திருப்பார். இந்தப் பாழடைந்த வீட்டில் கேட்டுவிட்டார்.

நான் வாய் திறக்கப் போனேன். அண்ணை விரலை உதட்டில் வைத்தார். பிறகு அந்தத் துவாரத்தைக் காட்டினார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அங்கேயிருந்து இங்கே கேட்டால், இங்கேயிருந்து அங்கேயும் கேட்கும்.

சேலை மூடி வந்த துவாயை எடுத்து வாய்க்குள் அடைத்துக்கொண்டு அந்த மனிதர் அழுதார். தோள் குலுங்கியது, சத்தமில்லை. தகப்பன் இல்லாத வீட்டில் அவரைத் தூக்கி வளர்த்தவர் அந்தத் தமையன்.  கீழே சன்னல் குழிக்குள் அக்கா இன்னும் விம்மிக்கொண்டிருந்தா. அது மேலே வந்தது. ஒரே சாவுக்கு இருவரும் ஒரு சுவருக்கு அங்காலும் இஞ்சாலும் அழுகிறார்கள், ஒருவருக்கும் தெரியாமல்.

கீழே சத்தம் அடங்கியது. அண்ணை முகத்தைத் துடைத்துக்கொண்டு என் காதோடு சொன்னார்.

"பிள்ளை, மகளுக்குப் பூசுறதிலை எனக்கும் கொஞ்சம் பூசிவிடு. கண்ணைப் பாத்தால் புவனம் பிடிச்சிடுவாள்."

எனக்கு வந்தது ஆத்திரமா அழுகையா என்று தெரியவில்லை. "அழுகிறதெண்டா இப்பவே அழுது முடியுங்கோ அண்ணை. ஈரத்துக்கு மேலை பூசினால் திட்டுத் திட்டாய் நிக்கும்," என்று கிசுகிசுத்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் துவாயைக் கடித்தார். பிறகு முகத்தை நீட்டினார்.  இமைக்குக் கீழே பூசினேன். பவுடர் ஒற்றினேன். வெள்ளைத் தாடி மயிரில் ஒட்டியதை ஊதிவிட்டேன்.

இறங்கும்போது, படி சுழலும் இருட்டில், அவர் நின்றார்.

"பிள்ளை, கல்லுச் சொன்னது கேட்ட கணக்கோ?"

"கல்லுக்கு வாயில்லை அண்ணை. மனுசர் ஒருத்தரும் உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லை," என்றேன். வக்கீல் கெட்டுது போங்கள்.

அவர் நடுத்தூணைத் தடவிக்கொண்டு இறங்கினார்.

மண்டபத்தில் அக்கா சிரித்த முகமாக வந்தா. "பவானி, காத்துக்குக் கண் கலங்குது. கொஞ்சம் பூசிவிடன்," என்றா. அதே பஞ்சால் அவவுக்கும் பூசினேன். படப்பிடிப்புக்காரத் தம்பி இருவரையும் பெரிய கணப்புக்கு முன்னால் நிறுத்தி, கிட்ட வாங்கோ, சிரியுங்கோ என்றான். சிரித்தார்கள். நன்றாகத்தான் சிரித்தார்கள்.

வெளியில் வந்ததும் சாவிக்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டாள். நிரோஜன் திருப்பிச் சொன்னான்.

"பேசிச்சுதோ எண்டு கேக்கிறா அன்ரி."

அது அந்த வீட்டு எசமானின் காதாம். விருந்தாளிகள் சன்னலோரம் என்ன கதைக்கிறார்கள் என்று ஒளிந்திருந்து கேட்பதற்காகவே சுவருக்குள் குழாய் வைத்துக் கட்டினானாம். ஒரு நாள் அதில் எதையோ கேட்டானாம். அதற்குப் பிறகு சாகும்வரை எவரோடும் பேசவில்லையாம். என்ன கேட்டான் என்று யாருக்கும் தெரியாது என்று சொல்லிக்கொண்டே கிராதியைப் பூட்டினாள். நாய் எங்களைத் திரும்பியும் பார்க்காமல் வீதிக்கு ஓடியது.

கண்ணாடியில் ஒட்டிய முகம்

பாரிஸுக்குத் திரும்பிய பிறகு எனக்குக் கடையில் தனியே இருக்க முடியவில்லை. எங்கள் கட்டடம் பழையது. அடைத்துவிட்ட ஒரு கணப்பு சுவரில் இருக்கிறது. மேல்வீட்டுக் குழந்தை அழுதால் அதற்குள்ளால் கேட்கும். முன்பு காதில் விழாத சத்தமெல்லாம் விழத் தொடங்கியது. ஒரு பழைய சேலையைச் சுருட்டி அதற்குள் அடைத்தேன். அப்படியும் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி இருக்க மனம் வரவில்லை.

கலியாணத்துக்கு முதல் நாள் மரக்கறிக் கடைக் கண்ணாடியில் மரண அறிவித்தல் ஒட்டியிருந்தது. இங்கே இருக்கிற ஊர்ச் சங்கத்துப் பிள்ளைகள், விசயம் தெரியாமல், அனுதாபம் தெரிவித்து ஒட்டியிருக்கிறார்கள். அம்பலம் அண்ணையின் தமையனேதான். கடைக்காரரிடம் கழற்றச் சொல்ல ஓடினேன். அதற்குள் அண்ணை தெருமுனையால் வந்துகொண்டிருந்தார். என் கடையில் மணமாலைக்குச் சொல்லிவைத்ததை எடுக்க வருகிறார்.

நான் ஓடிப்போய் அந்தக் கண்ணாடியில் முதுகைச் சாத்திக்கொண்டு நின்றேன். என்ன சொல்வதென்று தெரியாமல், "மாலை வந்திட்டுது அண்ணை, வடிவான மாலை," என்று உளறினேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு வந்தவர். என் காலைப் பார்த்தார். நான் எதை மறைக்கிறேன் என்று விளங்கியிருக்க வேண்டும், நிமிரவில்லை.

"நான் விலகட்டோ அண்ணை..."

"நில்லு பிள்ளை. விலகாதை."

சனம் எங்களைத் தாண்டி மெத்ரோவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் போகாமல் நின்றார்.

"படம் நல்லாயிருக்கோ?"

"ஓம் அண்ணை. சிரிச்சுக்கொண்டு நிக்கிறார்."

"என்ன சேட்டு?"

"நீலம். கோடு போட்டது."

"அது நான் அனுப்பினது," என்று சொல்லிவிட்டு மாலை எடுக்கப் போனார்.

தாலி ஏறிய பிறகு

பாரிஸுக்கு வெளியே, லெ பிளாங்-மெனிலில் மண்டபம். ஐயர் ஓமத்தை வளர்த்துவிட்டுப் பெண்ணின் தாய் தகப்பனைத் தாரை வார்க்கக் கூப்பிட்டார். புவனம் அக்கா பட்டுச்சேலையைச் சரிபண்ணிக்கொண்டு எழும்பினா. முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. செய்தியைக் கேட்டவ அவ. தீக்கு முன்னால் துடக்கோடு உட்காரப் போகிறா. அந்தப் பாவத்தைத் தனியே தலையில் ஏற்றுக்கொள்ள வந்திருந்தா.

அம்பலம் அண்ணை வாசலோரம் மேலங்கிகள் தொங்கும் இடத்தில் நின்றார். அங்கேயிருந்தே உரக்கச் சொன்னார்.

"ஐயா, எனக்கு முழங்கால் மடங்காது. நிலத்திலை இருந்தால் எழும்பமாட்டன். புவனத்தின்ரை தம்பியும் பெண்சாதியும் இருந்து வார்க்கட்டும். மாமன்காரனுக்கும் உரிமைதானே. பொண்டி ஊரிலையிருந்து வந்து நிக்கிறான்."

சபையில் சலசலப்பு. ஒரே மகள். எத்தனை வருசம் பார்த்திருந்த நாள். எந்தத் தகப்பன் இதை விட்டுக்கொடுப்பான்? பின்னால் யாரோ "கதிரை போட்டால் சரிதானே" என்றார்கள். அண்ணை அசையவில்லை.

சாருஜா தகப்பனைத் திரும்பிப் பார்த்து, "பப்பா?" என்றாள். அவர் கையால் 'நடக்கட்டும்' என்று காட்டினார்.

நான் மணவறைக்குப் பின்னால் நின்று பிள்ளையின் பின்னலைப் பிடித்திருந்தேன். புவனம் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். முதலில் அவவுக்கு விளங்கவில்லை. பிறகு, நின்ற நிலையிலேயே, அவருக்கும் எல்லாம் தெரியும் என்று விளங்கியது. மெல்லத் தம்பிக்கு இடம் விட்டு மணவறையால் இறங்கினா. தன் உரிமையை விட்டு மனைவியைத் தீயிலிருந்து எழுப்பிவிட்டார் அந்த மனிதர்.

கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியது. சனம் வாழ்த்தி அறுகரிசி போட முண்டியடித்தது.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போனா. பூசியதெல்லாம் கரைந்து வழிந்தது. நான் பவுடர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"இஞ்சேருங்கோ," என்று தொடங்கினா. 

"தாலி ஏறீட்டுதோ?" என்று இடைமறித்தார் அண்ணை.

"ஓம்."

"அப்ப இனிச் சொல்லு. உன்ரை வாயாலை சொல்லு."

"பெரியத்தான்... பெரியத்தான் எங்களை விட்டிட்டுப் போட்டார்."

அம்பலம் அண்ணை தொங்கிய மேலங்கிகளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.  தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, ஓடு. மேளத்தை நிப்பாட்ட விடாதை."

ஓடினேன். தவில்காரத் தம்பி வேர்வையைத் துடைத்துக்கொண்டு தவிலை இறக்கி வைக்கப் போனான். "அடியடா தம்பி, அடி," என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏன் எதற்கென்று கேட்காமல் அடித்தான்.